வெஸ்ட் நைல் வைரஸ் சிலருக்கு மட்டும் மூளை வரை போவது ஏன்? மரபணுவும் நோய் எதிர்ப்பும் பற்றிய கேள்வி பதில்கள்

ஒரே வீடு, ஒரே கொசு. ஒருவருக்கு மட்டும் மூளைக்காய்ச்சல் வருவது எப்படி?

கொசு வழியே பரவும் வெஸ்ட் நைல் வைரஸ் 1937-இல் உகாண்டாவின் வெஸ்ட் நைல் மாவட்டத்தில், காய்ச்சல் கண்ட ஒரு பெண்ணின் இரத்தத்திலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. 1999-இல் நியூயார்க்கில் தலைகாட்டி, சில ஆண்டுகளுக்குள் அமெரிக்கா முழுவதும் பரவியது. மனித மரபணு பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி அந்தப் பரவலுக்குப் பிறகு நடந்தவை.

தொற்று ஏற்பட்டவர்களில் 100-க்கு 80 பேருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. ஏறக்குறைய 20 பேருக்குக் காய்ச்சல், தலைவலி, உடல்வலி, சிலருக்குத் தடிப்பு. நரம்பு மண்டலம் பாதிக்கப்படுவது 150 பேரில் ஒருவருக்குத்தான். வயது 60-ஐக் கடந்தால் அது 50-இல் ஒருவர் என்ற அளவுக்கு ஏறுகிறது. நரம்பு பாதிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒருவர் இறந்துவிடுகிறார்.

யார் அந்த ஒருவர் என்பதை முதலில் தீர்மானிப்பது வயது. அடுத்தது உறுப்பு மாற்று, புற்றுநோய், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகள், சிறுநீரக நோய், சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு. மரபணுவுக்கும் பங்குண்டு. ஆனால் செய்திகளில் படிக்கும்போது தோன்றும் அளவுக்கு அது பெரிய பங்கு இல்லை. இந்தப் பக்கத்தில் மற்றவற்றை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

நரம்புப் பாதிப்பு என்றால் எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

மூன்று வடிவங்கள் உண்டு. மூளை உறை அழற்சியில் கழுத்து விறைப்பும் வெளிச்சத்தைப் பார்க்க முடியாத தலைவலியும் இருக்கும், நினைவு தெளிவாக இருக்கும். மூளை அழற்சியில் குழப்பம், மயக்கம், கை நடுக்கம், தசைகள் திடீரென வெட்டி இழுப்பது, பார்க்கின்சன் நோய் போன்ற விறைப்பு ஆகியவை வரும். மூன்றாவது, தண்டுவடத்தின் முன்பக்க நரம்பு செல்கள் தாக்கப்பட்டு வரும் வாதம்.

இந்த மூன்றாவதில்தான் குழப்பம் அதிகம். இளம்பிள்ளை வாதத்தைப் போல ஒரு கை அல்லது ஒரு கால் மட்டும் ஓரிரு நாளில் துவண்டுவிடும். தொடு உணர்ச்சி அப்படியே இருக்கும். இதைப் பலமுறை கில்லன் பாரே நோய் (உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்கும் நோய்) என்று எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். கில்லன் பாரேயில் பலவீனம் பெரும்பாலும் இரு பக்கமும் சமமாக, காலிலிருந்து மேலே ஏறும், மதமதப்பு இருக்கும், காய்ச்சல் விட்டு ஒன்று முதல் எட்டு வாரம் கழித்து வரும், தண்டுவட நீரில் புரதம் கூடியிருந்தாலும் செல்கள் கூடியிருக்காது. வெஸ்ட் நைல் வாதம் காய்ச்சலோடு சேர்ந்தே வரும், ஒரு பக்கம் கூடுதலாக இருக்கும், தண்டுவட நீரில் வெள்ளணுக்கள் பெருகியிருக்கும். முதல் ஓரிரு நாளில் அவற்றில் நியூட்ரோபில் என்ற வகை மிகுந்திருப்பதைப் பார்த்து பாக்டீரியா என்று நினைப்பதும் நடக்கிறது.

எந்த மரபணுவுக்கு வலுவான சான்று இருக்கிறது?

சி.சி.ஆர்.5. வெள்ளணுக்களின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு ஏற்பி இது. அழற்சி நடக்கும் இடத்திலிருந்து வரும் வேதிச் சைகையைப் பிடித்து, அந்த இடத்துக்குச் செல்லை நகர்த்துவது இதன் வேலை. இந்த மரபணுவில் 32 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம் உண்டு. அதற்கு டெல்ட்டா 32 என்று பெயர். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் விடுபட்டதாக அமைந்தால் அந்த ஏற்பி செல்லின் மேற்பரப்புக்கே வராது.

முதல் சான்று எலியில் கிடைத்தது. சி.சி.ஆர்.5 இல்லாத எலிகளுக்கு வெஸ்ட் நைல் வைரஸைச் செலுத்தியபோது அவை எல்லாமே இறந்தன. மூளையில் வைரஸ் பெருகிக் கிடந்தது, அதை எதிர்க்க வேண்டிய டி செல்களும் மற்ற வெள்ளணுக்களும் போதிய அளவு போய்ச் சேரவில்லை. ஏற்பி உள்ள எலிகளின் மண்ணீரல் செல்களை எடுத்துக் கொடுத்தபோது பல எலிகள் பிழைத்தன. அதாவது கோளாறு, பாதுகாப்புச் செல்கள் மூளைக்குள் நுழைவதில் இருக்கிறது.

அடுத்து மனிதர்கள். அமெரிக்க வெள்ளையரில் இரு பிரதியும் விடுபட்டவர்கள் சுமார் 1 விழுக்காடு. அரிசோனா, கொலராடோ மாநில நோயாளிகளை 2006-இல் பார்த்தபோது அந்த விகிதம் 4 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. பின்னர் இரத்த தானம் செய்தவர்களை வைத்து நடந்த ஆய்வு ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டியது: டெல்ட்டா 32 உள்ளவர்களுக்குத் தொற்று கூடுதலாக ஏற்படுவதில்லை, தொற்றியபின் அறிகுறிகள் கூடுதலாக வெளிப்படுகின்றன. எல்லா நாட்டு ஆய்வுகளிலும் இந்தத் தொடர்பு ஒரே வலிமையில் வரவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எனக்கு இரண்டு பிரதியும் விடுபட்டிருக்கிறது என்று அறிக்கை வந்திருக்கிறது. எவ்வளவு பயப்பட வேண்டும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். தொற்று ஏற்பட்டால் நரம்புப் பாதிப்புக்கான வாய்ப்பு 150-இல் ஒன்று. மேற்சொன்ன ஆய்வுகள் காட்டிய சுமார் நான்கு மடங்கை அப்படியே இதன்மேல் ஏற்றினால் 150-இல் நான்கு, அதாவது 3 விழுக்காட்டுக்கும் கீழே. இதுவே கூட்டிச் சொன்ன கணக்குதான், ஏனென்றால் அந்த நான்கு மடங்கு அறிகுறியுள்ள நோய் முழுவதற்குமானது. தொற்றே ஏற்படாவிட்டால் இந்தக் கணக்குக்கே இடமில்லை.

ஒரு பிரதி மட்டும் விடுபட்டிருந்தால் கவலைப்பட வேண்டிய அளவுக்கு ஆபத்து கூடுவதாக உறுதியான சான்று இல்லை.

தமிழர்களுக்கு டெல்ட்டா 32 உண்டா?

மிக மிக அரிது. இது ஐரோப்பிய வம்சாவளியினரிடம், அதிலும் வட ஐரோப்பாவில் கூடுதலாகக் காணப்படும் மாற்றம். தெற்காசியாவில் இரு பிரதியும் விடுபட்ட ஒருவரைக் காண்பதே அபூர்வம். டெக்சாஸிலோ கலிஃபோர்னியாவிலோ வசிக்கும் தமிழர் ஒருவர் இந்த ஒரு மரபணுவுக்காகப் பணம் கட்டிப் பரிசோதிப்பதில் பயன் இல்லை. அவர் வீட்டில் 70 வயதுத் தாயார் இருந்தால், கவனம் அங்கே போக வேண்டும்.

சி.சி.ஆர்.5 இல்லாதது எச்.ஐ.வி.க்கு நல்லது என்கிறார்களே?

உண்மைதான். எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் கதவுகளில் ஒன்று இந்த ஏற்பி. இரு பிரதியும் விடுபட்டவர்களுக்கு எச்.ஐ.வி. பெரும்பாலும் தொற்றாது. 'பெர்லின் நோயாளி' என்று அறியப்பட்ட திமோதி ரே பிரவுன் அப்படிப்பட்ட ஒருவரின் எலும்பு மஜ்ஜையைப் பெற்றுத்தான் எச்.ஐ.வி.யிலிருந்து விடுபட்டார்.

அதனால்தான் இது 'இல்லாவிட்டாலும் பரவாயில்லை' என்ற வகை மரபணு என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. 2018-இல் சீனாவில் ஹெ ஜியான்குய் என்ற விஞ்ஞானி இரட்டைப் பெண் குழந்தைகளின் கருவிலேயே இதைத் திருத்தியதாக அறிவித்தபோது எழுந்த எதிர்ப்பில் வெஸ்ட் நைலும் ஒரு வாதமாக இருந்தது. அந்தக் குழந்தைகளைக் கேட்காமலே, மூளையைக் காக்கும் ஒரு பாதுகாப்பை அவர்களிடமிருந்து எடுக்க முயன்றது பெரும் தவறு. அவருக்கு 2019 இறுதியில் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

எச்.ஐ.வி.க்காக மராவிரோக் எடுப்பவர்கள் கவனிக்க: அந்த மருந்து இதே ஏற்பியை அடைக்கிறது. வெஸ்ட் நைல் பயத்தில் அதை நிறுத்தக் கூடாது. கொசுக்கடியைத் தவிர்ப்பதில் கூடுதல் கவனம் வைத்தால் போதும்.

வேறு மரபணுக்கள்?

ஓ.ஏ.எஸ். குடும்பம். வைரஸின் ஆர்.என்.ஏ. செல்லுக்குள் வந்ததும் அதை உணர்ந்து, துண்டாடும் நொதியைத் தூண்டிவிடும் மரபணுக்கள் இவை. சில எலிகள் இந்த வைரஸ் குடும்பத்துக்கு மசியாமல் இருப்பதும் சில உடனே இறப்பதும் ஏன் என்ற கேள்வி பல பத்தாண்டுகளாக இருந்தது. 2002-இல் விடை கிடைத்தது: ஆய்வகங்களில் வளர்க்கப்படும் பெரும்பாலான எலிகளில் ஓ.ஏ.எஸ்.1பி மரபணு நடுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, புரதம் பாதியில் நின்றுவிடுகிறது. எலியில் இந்த ஒரு மரபணு உயிரா சாவா என்பதையே தீர்மானிக்கிறது.

மனிதர்களில் விளைவு அவ்வளவு கூர்மையாக இல்லை. 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஓ.ஏ.எஸ்.1-இன் ஒரு மாற்றம் மூளை அழற்சி, வாதம் ஆகியவற்றுடனும், ஐ.ஆர்.எஃப்.3, எம்.எக்ஸ்.1 ஆகியவற்றின் மாற்றங்கள் அறிகுறியுள்ள நோயுடனும் தொடர்பு காட்டின. மூன்றுமே இன்டர்ஃபெரான் (வைரஸை எதிர்க்கச் செல்களை எச்சரிக்கும் புரதம்) பாதையைச் சேர்ந்தவை. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றின் விளைவும் சிறியது. மருத்துவமனையில் முடிவெடுக்க உதவும் அளவுக்கு எதுவும் வளரவில்லை.

அப்படியானால் பெரிய விளைவு உள்ள காரணம் எதுவும் தெரியவில்லையா?

தெரிந்திருக்கிறது. அது மரபணு வரிசையில் இல்லை, இரத்தத்தில் இருக்கிறது.

வைரஸ் நுழைந்ததும் உடல் முதலில் வெளியிடுவது முதல் வகை இன்டர்ஃபெரான்கள். சிலரின் உடலில் இந்த இன்டர்ஃபெரான்களையே பிடித்துச் செயலிழக்கச் செய்யும் ஆட்டோஆன்டிபாடிகள் (சொந்த உடலின் புரதங்களையே தாக்கும் ஆன்டிபாடிகள்) தொற்றுக்கு முன்பே இருக்கின்றன. அன்றாட வாழ்வில் அவற்றால் ஒன்றும் தெரியாது. ஆபத்தான வைரஸ் வரும் நாளில், முதல் காவல் வரிசை வேலை செய்யாமல் போகும். கடுமையான கோவிட் நோயாளிகளிடம் 2020-இல் இது முதலில் பெரிய அளவில் கவனிக்கப்பட்டது.

2023-இல் வெஸ்ட் நைல் நோயாளிகளில் தேடினார்கள். மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் குறைந்தது 35 விழுக்காட்டினருக்கும், மூளை அழற்சி வந்தவர்களில் சுமார் 40 விழுக்காட்டினருக்கும் ஆல்ஃபா அல்லது ஒமேகா இன்டர்ஃபெரானை முடக்கும் ஆன்டிபாடிகள் இருந்தன. தொற்றியும் அறிகுறி இல்லாதவர்களிடம் அவை மிகக் குறைவு. இரு இன்டர்ஃபெரான்களையும் அதிக அளவில் முடக்கும் வகை இருப்பவர்களுக்கு, அது இல்லாதவர்களோடு ஒப்பிடும் வாய்ப்பு விகிதம் நூறைத் தாண்டியது. டெல்ட்டா 32-இன் நான்கு மடங்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்த ஆன்டிபாடிகள் 70 வயதுக்கு மேல் சுமார் 4 விழுக்காட்டினரிடம் உள்ளன, இளையோரிடம் மிகக் குறைவு. முதியவர்களை இந்த வைரஸ் ஏன் அதிகம் தாக்குகிறது என்பதில் ஒரு பகுதிக்கு இதில் விடை இருக்கிறது. பாதிக்கு மேற்பட்ட மூளை அழற்சி நோயாளிகளிடம் இவை இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

இந்த ஆட்டோஆன்டிபாடி பரம்பரையாக வருமா?

பெரும்பாலோருக்கு வயதோடு வருவது. ஆனால் சில அரிய மரபணுக் கோளாறுகளில் சிறு வயதிலேயே உருவாகிவிடும். ஏ.ஐ.ஆர்.இ. மரபணு பழுதால் வரும் பலசுரப்பி நோய் அவற்றில் முதன்மையானது: குழந்தைப் பருவத்தில் விடாத வாய்ப்புண் பூஞ்சை, கால்சியம் குறைவால் இழுப்பு, அட்ரினல் சுரப்பிக் குறைபாடு என்று வெளிப்படும். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வர வேண்டும் என்பதால் நெருங்கிய உறவில் திருமணம் நடக்கும் குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். இக்கோளாறு உள்ளவர்களில் ஏறத்தாழ அனைவருக்கும் இன்டர்ஃபெரானுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும்.

யார்தான் மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும்?

எச்சிலை அனுப்பி வீட்டிலிருந்தே செய்யும் கிட்டுகள் இதற்கு உதவாது. பரிசோதனை பயன்படும் இடங்கள் குறைவு:

- குழந்தை அல்லது இளைஞர், வேறு எந்த நோயும் மருந்தும் இல்லாமல், கொசுவழி வைரஸால் கடுமையான மூளை அழற்சிக்கு ஆளாகியிருந்தால்.
- தட்டம்மை, மஞ்சள் காய்ச்சல் போன்ற உயிருள்ள தடுப்பூசி போட்டபின் கடுமையான நோய் வந்திருந்தால். இன்டர்ஃபெரான் ஏற்பி மரபணுக்களான ஐ.எஃப்.என்.ஏ.ஆர்.1, ஐ.எஃப்.என்.ஏ.ஆர்.2 பழுதானவர்கள் பலர் இப்படித்தான் கண்டறியப்பட்டார்கள்.
- உடன்பிறந்தவர் வைரஸ் தொற்றில் இறந்திருந்தாலோ, பெற்றோர் இரத்த உறவினராக இருந்தாலோ.

இவர்களுக்குத் தனி மரபணு ஒன்றைப் பார்ப்பதைவிட, புரதங்களுக்கான மரபணுப் பகுதிகள் அனைத்தையும் ஒருசேரப் படிக்கும் எக்ஸோம் பரிசோதனையே பொருத்தம். நோயாளி, தாய், தந்தை மூவரின் மாதிரியையும் சேர்த்து அனுப்பினால்தான் அறிக்கை தெளிவாக வரும். எழுபது வயதுக்காரருக்கு எக்ஸோம் தேவையில்லை. வசதி இருந்தால் ஆட்டோஆன்டிபாடி பார்க்கலாம்.

நோயாளி மருத்துவமனையில் இருக்கிறார். என்ன மாதிரிகளை, எப்போது எடுக்க வேண்டும்?

இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதற்கும், இரத்தம் ஏற்றுவதற்கும், பிளாஸ்மா மாற்றுவதற்கும் முன்பே இரத்தம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நடைமுறையில் அதிகம் தவறுவது இங்கேதான். இம்யூனோகுளோபுலின் பல்லாயிரம் தானக்காரர்களின் ஆன்டிபாடிகளைக் கொண்டது. அது ஏறிய பிறகு எடுக்கும் இரத்தத்தில் யாருடைய ஆன்டிபாடியைப் பார்க்கிறோம் என்பது தெரியாது.

சீரத்துக்கு: சாதாரணக் குழாயில் 5 மி.லி. அரை மணி நேரம் உறையவிட்டு, சுழற்றி, சீரத்தைத் தனியாகப் பிரித்தபின் உறைய வைக்க வேண்டும். பிரிக்காமல் ஃப்ரீசரில் வைத்தால் சிவப்பணுக்கள் உடைந்து மாதிரி வீணாகும். டி.என்.ஏ.வுக்கும் பி.சி.ஆருக்கும்: ஊதா மூடிக் குழாயில் 3 முதல் 5 மி.லி. பச்சை மூடிக் குழாயில் இருக்கும் ஹெப்பாரின் பி.சி.ஆரைத் தடுத்துவிடும். தண்டுவட நீர்: வழக்கமான செல், புரதம், சர்க்கரை, கல்ச்சர் போக, ஐ.ஜி.எம்முக்கும் (தொற்றின் தொடக்கத்தில் உருவாகும் ஆன்டிபாடி) பி.சி.ஆருக்கும் தனியாக 1 மி.லி.

தண்டுவட நீரில் ஐ.ஜி.எம். கிடைத்தால் அதுவே வலுவான சான்று, ஏனென்றால் ஐ.ஜி.எம். இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் கடந்து போகாது. முதல் சில நாளில் இல்லை என்று வரலாம், ஒரு வாரம் ஆனதும் மறுபடி பார்க்க வேண்டும். இரத்தத்தில் மட்டும் ஐ.ஜி.எம். இருந்தால் அவசரப்படக் கூடாது, சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் அது நீடிக்கும். இரண்டு, மூன்று வாரம் கழித்து இரண்டாவது சீரம் எடுத்து, ஆன்டிபாடி அளவு நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும்.

ரிட்டுக்சிமாப் போன்ற பி செல்களை அழிக்கும் மருந்தில் இருப்பவர்களுக்கு ஆன்டிபாடியே உருவாகாமல் போகலாம். அவர்களுக்கு ஐ.ஜி.எம். இல்லை என்ற அறிக்கை எதையும் நிரூபிக்காது. தண்டுவட நீர், முழு இரத்தம், சிறுநீர் ஆகியவற்றில் பி.சி.ஆர். கேளுங்கள்.

எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவரின் இரத்தத்தில் எடுக்கும் டி.என்.ஏ. தானம் கொடுத்தவருடையது. எச்சிலிலும் வெள்ளணு கலந்திருக்கும். தோல் செல்லை வளர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மரபணு முடிவு வந்தால் சிகிச்சை மாறுமா?

இன்று மாறாது. வெஸ்ட் நைலுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட வைரஸ் எதிர்ப்பு மருந்து இல்லை. மனிதர்களுக்குத் தடுப்பூசியும் இல்லை, குதிரைகளுக்கு உண்டு. வெஸ்ட் நைல் ஆன்டிபாடி செறிந்த இம்யூனோகுளோபுலினை முறையாகச் சோதித்தபோது பலன் தெரியவில்லை. மூச்சுத் தசை பலவீனத்தை முன்கூட்டியே கண்டு வென்டிலேட்டருக்கு மாற்றுவது, வலிப்பைக் கட்டுப்படுத்துவது, விழுங்கும் திறனைப் பார்த்துவிட்டு உணவு கொடுப்பது, முதல் வாரத்திலேயே பிசியோதெரபி தொடங்குவது ஆகியவைதான் உயிரையும் நடையையும் காக்கின்றன. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து ஓடிக்கொண்டிருந்தால் அதைக் குறைக்க முடியுமா என்று உரிய நிபுணரிடம் அன்றே பேச வேண்டும்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல், ஜிகா போன்றவற்றிலும் இப்படித்தானா?

ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் தொற்றியவர்களில் சுமார் 250-இல் ஒருவருக்குக் கடுமையான நோய் வருகிறது. அவர்களில் 30 விழுக்காடு வரை இறக்கிறார்கள். இந்தியாவில் மனிதர்களிடம் இது முதலில் கண்டறியப்பட்டது 1955-இல், வேலூரில். இதற்கான மரபணு ஆய்வுகள் சிறிய குழுக்களில் நடந்தவை.

ஜிகாவில் பிரேசில் இரட்டையர்கள் நல்ல தடயம் தந்தார்கள். ஒரே கருப்பையில், ஒரே தொற்றில், ஒரு குழந்தை சிறுத்த தலையுடனும் மற்றது நலமாகவும் பிறந்தன. இருவரின் செல்களிலிருந்து ஆய்வகத்தில் நரம்பு முன்னோடி செல்களை உருவாக்கி வைரஸைச் செலுத்தியபோது, பாதிக்கப்பட்ட குழந்தையின் செல்களில் வைரஸ் கூடுதலாகப் பெருகியது. 2018-இல் வெளியான இந்த முடிவு ஒரே மரபணுவைக் குற்றவாளியாகக் காட்டவில்லை, பல சேர்ந்து செயல்படுவதையே காட்டியது.

இந்தியாவில் வெஸ்ட் நைல் இருக்கிறதா? ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி இதையும் தடுக்குமா?

இருக்கிறது. 2011-இல் ஆலப்புழையில் பரவியது. 2019-இல் மலப்புறத்தில் ஒரு சிறுவன் இறந்தான். 2024-இல் கேரள அரசு மீண்டும் எச்சரிக்கை விட்டது. தென்னிந்தியாவில் காய்ச்சலுக்குப் பின் விழித்திரை அழற்சியுடன் வந்தவர்களிடமும் இந்த வைரஸ் கண்டறியப்பட்டுள்ளது, ஆகவே காய்ச்சல் விட்டபின் பார்வை மங்கினால் கண் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

தடுப்பூசியை வெஸ்ட் நைலுக்கான பாதுகாப்பாக நம்ப முடியாது. ஆனால் அது பரிசோதனையைக் குழப்பும். இரண்டும் நெருங்கிய உறவுள்ள வைரஸ்கள் என்பதால் ஒன்றின் ஆன்டிபாடி மற்றதன் எலைசா என்ற ஆன்டிபாடி சோதனையிலும் ஒட்டும். டெங்குவும் இதில் சேர்ந்துகொள்ளும். எந்த வைரஸ் என்று பிரித்துச் சொல்ல, உயிருள்ள வைரஸை வைத்துச் செய்யும் பி.ஆர்.என்.டி. சோதனை வேண்டும். மாதிரியோடு அனுப்பும் படிவத்தில் தடுப்பூசி போட்ட தேதியை எழுத மறக்காதீர்கள்.

வீட்டில் வயதானவரும் உறுப்பு மாற்று செய்தவரும் இருக்கிறார்கள். என்ன செய்வது?

வெஸ்ட் நைலைப் பரப்புவது முக்கியமாக கியூலெக்ஸ் கொசு. சாக்கடை, செப்டிக் டேங்க் போன்ற அழுக்கு நீரில் பெருகும். பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை கடிக்கும். டெங்குவுக்காகப் பகலில் மட்டும் எடுக்கும் முன்னெச்சரிக்கை இங்கே போதாது. செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் வாயில் வலை கட்டுங்கள், மூடியின் விரிசலை அடையுங்கள். இரவில் வலைக்குள் படுக்க வையுங்கள். மாலையில் வெளியே போனால் 20 முதல் 30 விழுக்காடு டீட் அல்லது 20 விழுக்காடு பிக்காரிடின் உள்ள கொசு விரட்டிப் பூச்சு, ஆடை மூடாத இடங்களில் மட்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு டீட் பூசக் கூடாது.

கடித்த நாளிலிருந்து பொதுவாக 2 முதல் 14 நாளுக்குள் அறிகுறி வரும், எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கு இன்னும் தாமதமாகலாம். காய்ச்சலோடு பேச்சில் குழப்பம், புதிதாகக் கை நடுக்கம், ஒரு கையோ காலோ துவளுதல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலை வரை காத்திராமல் அழைத்துப் போங்கள். உறுப்பு மாற்று செய்தவர் என்றால் மருந்துச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.